"என் ஆள் இல்லை": தள்ளுபடியான ஒரு விசைத்தறி இழப்பீட்டு வழக்கு மேல்முறையீட்டில் மீண்ட விதம்

பல்லடம், சோமனூர், கருமத்தம்பட்டி பக்கம் ஒரு விசைத்தறி விபத்து வழக்காக வந்தால், எதிர்த்தரப்பு தாக்கல் செய்யும் பதிலுரையின் முதல் பத்தி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: "மனுதாரர் எங்களிடம் வேலை பார்க்கவே இல்லை." காயம் உண்டா, எவ்வளவு காயம் என்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். இங்கே எழுதப்போகும் வழக்கு அந்த ஒரு வரியில்தான் தோற்றது. உயர் நீதிமன்றம் வரை போய், அதே வரியை உடைத்துத்தான் ஜெயித்தது. மேல்முறையீட்டில் புதிதாக ஒரு சாட்சியும் சேரவில்லை, ஒரு காகிதமும் சேரவில்லை. எல்லாம் முதலிலேயே கோப்பில் இருந்தவை. அதனால்தான் இதை விவரமாக எழுதத் தோன்றியது.

ஆட்களின் பெயரையும் ஊரையும் விட்டுவிடுகிறேன். நான் வழக்குக்குள் வந்தது தள்ளுபடி உத்தரவுக்குப் பிறகு, மேல்முறையீடு போடும் கட்டத்தில்.

விபத்து

மனுதாரரான தறித் தொழிலாளிக்கு அப்போது 42 வயது. சிறு வயதிலேயே தறிக்கு வந்தவர். காடா (வெளுக்காத) துணி ஓடும் சாதாத் தறிகளில் ஆறைத் தனியாகப் பார்த்துக்கொள்வார். இரவு எட்டு மணிக்கு ஷிப்ட் ஏறினால் காலை எட்டு மணிக்கு இறக்கம். மீட்டர் கணக்கில் கூலி, சனிக்கிழமை பட்டுவாடா. குடும்பத்தோடு தறிக்கூடத்துக்குப் பின்னாலேயே லைன் வீட்டில் இருந்தார். வாடகை கிடையாது. வேலைக்குச் சேரும்போது முதலாளி 60,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருந்தார். இந்தப் பக்கம் தறிக்கு ஆள் பிடிப்பதே அப்படித்தான்.

2021 பிப்ரவரியில் ஒரு பின்னிரவு. ஒரு தறியில் இழை அறுந்ததைக் குனிந்து முடிந்துகொண்டிருந்தார். பக்கத்துத் தறியின் நாடா எகிறி வந்து வலது கண்ணில் அடித்தது. தறியைப் பார்க்காதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். நாடா என்பது ஒரு முழம் போல நீண்ட மரக்கட்டை, இரண்டு முனையிலும் இரும்புக் கூர். நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் இந்தப் பெட்டிக்கும் அந்தப் பெட்டிக்கும் அடிபட்டு ஓடும். பாவு (நீளவாட்டு) இழை சிக்கி வழி சரியாகத் திறக்காமல் போனாலோ, நாடாவை அடித்து ஓட்டும் பிக்கரோ தோல்வாரோ தேய்ந்து அடி கோணலாக விழுந்தாலோ, அது பாதையை விட்டு வெளியே பறக்கும். அப்படிப் பறந்தால் ஆள்மேல் படாமல் தடுக்க நாடா ஓடும் பாதைக்கு மேலாக ஒரு இரும்புக் கம்பி மாட்டுவது உண்டு. அந்தத் தறியில் அந்தக் கம்பி இல்லை.

முதலாளியே தன் வேனில் ஏற்றிக்கொண்டு பல்லடம் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கிருந்து கோவையில் ஒரு கண் மருத்துவமனை. இரண்டு அறுவை சிகிச்சை. கண் விழி தப்பியது, பார்வை போய்விட்டது. முதல் சிகிச்சைக்கான பணத்தை முதலாளி தன் போனிலிருந்தே அனுப்பினார். பல்லடத்தில் எழுதிய ஏ.ஆர். காப்பியில் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்), "தறி ஓட்டும்போது நாடா பறந்து வலது கண்ணில் அடிபட்டதாக" என்று இருக்கிறது. யாருடைய தறி என்று இல்லை.

அந்த முதலாளியைக் கெட்டவராகக் காட்டுவது என் நோக்கமல்ல. அவரே கூலிக்கு நெய்பவர். பாவும் நூலும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பார், துணி அவருக்கே திரும்பும், மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வரும். அந்தக் கூலியை ஏற்றித் தரச் சொல்லித்தான் 2022 தொடக்கத்தில் கோவை, திருப்பூர் மாவட்டத் தறிக்காரர்கள் தறியை நிறுத்திப் போராடினார்கள். ஆனால் நெருக்கடியில் இருப்பவர் தன் நெருக்கடியை ஒரு கண்ணை இழந்தவன் தலையில் இறக்கிவைக்க முடியாது. சட்டம் அந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து முதலாளி சமாதானம் பேச வந்தார். முன்பணத்தில் மீதி இருப்பதைத் தள்ளிவிடுகிறேன், முத்திரைத்தாளில் ஒரு கையெழுத்து, அதோடு முடித்துக்கொள்ளலாம் என்றார். தொழிலாளியின் சம்சாரம் மறித்தார். "நாங்க எதுலயுங் கையெழுத்துப் போடலீங்க முதலாளி. நாலு எழுத்துப் படிச்சவங்ககிட்டக் காட்டிப்போட்டுச் சொல்றமுங்க." அந்த அம்மாள் பள்ளிக்கூடம் அதிகம் போனவர் அல்ல. போட்டிருந்தாலும் அந்தத் தாள் செல்லாது. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923-இன் 17-ஆம் பிரிவு, இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் எதுவும் செல்லாது என்றது. இருந்தாலும் அந்தத் தாளைச் செல்லாததாக்கவே தனியாக ஒரு போராட்டம் தேவைப்பட்டிருக்கும். அதே சட்டத்தில் 2017-இல் சேர்த்த 17ஏ பிரிவு, வேலைக்குச் சேர்க்கும்போதே இழப்பீட்டு உரிமையைப் பற்றி எழுத்தில், அவருக்குப் புரியும் மொழியில் தெரிவிக்க வேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்தியது. அப்படி ஒரு தாளைக் கொடுத்த தறிக்கூடம் எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

இ.எஸ்.ஐ. கேள்வி

இந்த வகை வழக்கில் முதலில் எண்ண வேண்டியது தலைகளை. பத்துப் பேர், அதற்கு மேல் வேலை செய்யும் இடம் என்றால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வரும். 2017-இலிருந்து மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் அதற்குள் அடக்கம். முதலாளி பதிவு செய்யாமல் ஏமாற்றியிருந்தாலும் தொழிலாளியின் உரிமை போகாது. இ.எஸ்.ஐ. கழகம் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ள அப்போதிருந்த இ.எஸ்.ஐ. சட்டத்தின் 68-ஆம் பிரிவு வழி செய்தது. ஆனால் இ.எஸ்.ஐ.க்குள் வருகிற ஒருவர் 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இழப்பீடு கேட்க முடியாது. இ.எஸ்.ஐ. சட்டத்தின் 53-ஆம் பிரிவு அதைத் தடுத்தது.

இந்தக் கூடத்தில் இரண்டு ஷிப்டுக்கும் சேர்த்து பத்துக்குக் குறைவு. ஆனால் ஒரே காம்பவுண்டில் முதலாளியின் தம்பி பெயரில் தனி மின் இணைப்போடு இன்னொரு கூடம் இருந்தது. இரண்டையும் ஒன்றாகக் காட்ட முடிந்தால் இ.எஸ்.ஐ. வழி திறந்திருக்கும். என்னைக் கேட்டால் அது நல்ல வழி: நிரந்தர ஊனத்துக்கு ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம் வரும். மொத்தமாக வரும் தொகை கடன்காரர்களுக்கே பாதி போய்விடும். ஆனால் இரண்டு கூடமும் ஒன்றே என்று நிரூபிப்பது தனி வழக்கு, வருடக்கணக்கில் இழுக்கும். முதலில் பார்த்த வழக்கறிஞர் 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தில், இந்த இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் ஆணையரிடம் மனுப் போட்டார். அந்த நிலைமையில் அது நியாயமான முடிவுதான்.

மனு 2021 கடைசியில் தாக்கலானது. விபத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்பது விதி, அந்தச் சிக்கல் எழவில்லை. எங்கே போடுவது என்பதில் பலருக்குத் தெரியாத ஒரு வசதி இருக்கிறது: விபத்து நடந்த இடத்து ஆணையரிடம் மட்டுமல்ல, தொழிலாளி வழக்கமாக வசிக்கும் ஊரின் ஆணையரிடமும் போடலாம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் வந்து, அடிபட்டு ஊர் திரும்பிவிட்டவர்களுக்கு இது பெரிய உதவி.

தள்ளுபடி

முதலாளியின் பதிலுரையில் மூன்று வாதம். ஒன்று, இவர் என் தொழிலாளி அல்ல. மீட்டர் கணக்கில் தறியைக் காண்ட்ராக்ட் எடுத்து ஓட்டியவர், லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தவர். இரண்டு, அப்படியே தொழிலாளி என்று வைத்துக்கொண்டாலும், நாடாத் தடுப்புக் கம்பியை இவரே கழற்றிப் போட்டார். மூன்று, இவருக்கு ஏற்கெனவே கண்புரை இருந்தது.

2022 கடைசியில் ஆணையர் முதல் வாதத்தை ஏற்று மனுவைத் தள்ளுபடி செய்தார். உத்தரவின் சாரம் இதுதான்: நியமன ஆணை இல்லை, வருகைப் பதிவேடு இல்லை, பி.எஃப். இல்லை, சம்பள ரசீது இல்லை. மனுதாரர் காட்டும் கூலி நோட்டில் முதலாளியின் கையெழுத்து இல்லை. ஆகவே முதலாளி–தொழிலாளி உறவு நிரூபிக்கப்படவில்லை.

இந்த உத்தரவோடுதான் அவர்கள் வந்தார்கள். மேல்முறையீட்டுக்கு உள்ள கெடு 60 நாள், அதில் பாதிக்கு மேல் போயிருந்தது. கெடு தாண்டினாலும் தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கலாம், 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30-ஆம் பிரிவே அதற்கு இடம் தருகிறது. ஆனால் அந்தத் தாமத மனுவே சில சமயம் மாதக்கணக்கில் கிடக்கும். உத்தரவு வந்த தேதி, நகலுக்கு விண்ணப்பித்த தேதி, நகல் கிடைத்த தேதி மூன்றையும் முதலில் எழுதி வைத்துக்கொண்டோம்.

நோட்டு

கோப்பைப் புரட்டும்போது எனக்குப் பிடி கிடைத்தது அந்தக் கூலி நோட்டில்தான். நாற்பது பக்க கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு, எண்ணெய்க் கறை படிந்தது. பக்கத்துக்கு நான்கு வாரம். ஒவ்வொரு வாரத்துக்கும் தறி எண், மீட்டர், மீட்டருக்கு எவ்வளவு பைசா, மொத்தம். அதற்குக் கீழே "பிடி. 300" என்று ஒரு வரி. அதைக் கழித்து மீதி. ஓரத்தில் ஒரு சின்ன டிக். எழுதியது ஒரே கை. மனுதாரருக்குத் தன் பெயரைத் தவிர அதிகம் எழுத வராது. ஆகவே அவர் தனக்கு வசதியாகப் பின்னால் எழுதிக்கொண்டது என்ற பேச்சே எடுபடாது.

அடுத்து முதலாளியின் குறுக்கு விசாரணை. முதலில் நடத்திய வழக்கறிஞர் நன்றாகவே கேட்டிருந்தார். நோட்டில் இருப்பது யார் எழுத்து என்ற கேள்விக்கு, "என் மச்சினன் எழுத்து, கணக்கு அவர்தான் பார்ப்பார்" என்று பதில். பிடித்தம் 300 என்பது என்ன? "நான் கைமாற்றாகக் கொடுத்த பணம், வாராவாரம் திருப்பிக் கொடுத்தார்." எதிலிருந்து பிடித்தீர்கள்? "கூலியிலிருந்து."

வாக்குமூலத்தில் அந்த ஒற்றைச் சொல் பதிவாகியிருக்கிறது. காண்ட்ராக்ட் எடுத்தவனுக்கு வாராவாரம் கூலி எழுதி, அதில் முன்பணம் பிடிப்பவர் யார்? ஆஸ்பத்திரிக்கு ஏன் பணம் கட்டினீர்கள் என்றதற்கு "மனிதாபிமானம்" என்று சொல்லியிருக்கிறார், அது உண்மையாகவும் இருக்கலாம். மச்சினன் வைத்திருக்கும் மூல நோட்டு எங்கே என்றதற்குப் பதில் இல்லை. கடைசி வரை அது தாக்கலாகவும் இல்லை. ஆணையரின் உத்தரவில் இந்த விசாரணைப் பகுதியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நோட்டில் முதலாளி கையெழுத்து இல்லை என்பதோடு நின்றுவிட்டது.

மேல்முறையீடு

இங்கே பலர் சறுக்குகிறார்கள். 30-ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்துக்குப் போவது சாதாரண மேல்முறையீடு அல்ல. முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். உண்மை நிலையைப் பற்றி ஆணையர் சொல்வதே கடைசி என்று கொல்லா ராஜண்ணா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வடகிழக்குக் கர்நாடகச் சாலைப் போக்குவரத்துக் கழகத்துக்கும் சுஜாதா என்பவருக்கும் நடந்த வழக்கில், 2018-இல், விபத்து நடந்ததா, முதலாளி–தொழிலாளி உறவு இருந்ததா, வயது என்ன, சம்பளம் என்ன என்பவையெல்லாம் உண்மைக் கேள்விகள் என்று பட்டியலே போட்டிருக்கிறது. நம் வழக்கோ முழுக்க முழுக்க அந்த உறவைப் பற்றியது. "ஆணையர் சாட்சியத்தைத் தவறாக எடைபோட்டார்" என்று எழுதிக்கொண்டு போனால் முதல் நாளே வாசலில் நிறுத்திவிடுவார்கள்.

ஆகவே கேள்வியை வேறு விதமாக வைத்தோம். எதிர்த்தரப்பே குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்ட ஒன்றைப் பார்க்காமலே ஒரு முடிவுக்கு வந்தால், அந்த முடிவு சட்டத்தின் பார்வையில் நிற்குமா? இருக்கும் சாட்சியத்தை எடைபோடுவது ஆணையரின் வேலை. பார்க்காமலே விடுவது எடைபோடுதல் ஆகாது, அது சட்டத் தவறு. இதுதான் எங்கள் முதல் கேள்வி. மனுவின் முக்கால்வாசி இதற்கே போனது: வாக்குமூலத்தின் பக்கம், வரி, அதற்கு எதிரே உத்தரவின் பத்தி, அதில் அது இல்லாமை.

இரண்டாவது, சட்டத்தின் சொல்லையே நீட்டினோம். 2009 திருத்தத்தில் வந்த "பணியாளர்" என்ற வரையறை, வேலை ஒப்பந்தம் வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ, வாய்மொழியாகவோ எழுத்திலோ இருக்கலாம் என்று சொல்கிறது. வாய்மொழி போதும் என்று சட்டமே சொல்லும்போது, நியமன ஆணை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை வெளியே தள்ளுவது அந்த வரையறையை அழித்துவிடுகிறது. பீஸ் ரேட் என்றால் தொழிலாளி இல்லை என்ற வாதத்துக்கு, 1973-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கு கைகொடுத்தது. உருப்படிக் கணக்கில் கூலி வாங்கிய தையல்காரர்கள் பற்றியது அது. தையல் மெஷின் கடைக்காரருடையது, தைத்தது சரியில்லை என்றால் திருப்பித் தைக்கச் சொல்லும் உரிமையும் அவருடையது, ஆகவே அவர்கள் அந்தக் கடையின் தொழிலாளிகளே என்று நீதிமன்றம் சொன்னது. தையல் மெஷின் இருந்த இடத்தில் தறியை வைத்தால் நம் வழக்கு. தறி முதலாளியுடையது, மின்சாரம் முதலாளியுடையது, துணியில் பழுது விழுந்தால் கூலியில் வெட்டு விழும். அந்த வெட்டும் நோட்டில் இரண்டு வாரத்தில் இருந்தது.

மூன்றாவதாக, தன் கையில் இருக்கும் கணக்கைக் காட்டாத முதலாளிக்குச் சாதகமாக முடிவெடுக்க முடியுமா என்று ஒரு கேள்வி. பதிவேடு வைக்க வேண்டியவர் வைக்காமலோ, வைத்ததை மறைத்தோ இருக்கும்போது, பதிவேடு இல்லை என்று தொழிலாளியைத் தண்டிப்பது தலைகீழ்.

2023 கடைசியில் உத்தரவு வந்தது. உறவு இருந்தது என்று நீதிமன்றமே முடிவு செய்து தள்ளுபடியை ரத்து செய்தது. தொகையைக் கணக்கிடவும், மற்ற இரண்டு வாதங்களை முடிவு செய்யவும் ஆணையருக்குத் திருப்பி அனுப்பியது. ஒப்புதலைக் கணக்கில் எடுக்காத முடிவு நிற்காது என்ற முதல் கேள்வியிலேயே வழக்கு முடிந்துவிட்டது.

திரும்பி வந்த பிறகு

கண்புரை வாதம் ஒரே நாளில் போனது. அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் வந்து, லென்ஸ் கெட்டது அடிபட்டதால்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கம்பி வாதத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு. பாதுகாப்புக்காக வைத்த சாதனத்தைத் தொழிலாளி வேண்டுமென்றே கழற்றியதால் நேரடியாக ஏற்பட்ட காயத்துக்கு முதலாளி பொறுப்பல்ல. மரணமோ முழு நிரந்தர ஊனமோ ஆனால் மட்டும் அந்தத் தப்பித்தல் இல்லை. ஆனால் அதை நிரூபிக்கும் சுமை முதலாளியுடையது. "வேண்டுமென்றே" என்பதும் சாதாரணக் கவனக்குறைவு அல்ல. கம்பி வாங்கிய பில் இல்லை. கூடத்தின் மற்றத் தறிகளில் கம்பி இருந்தது என்று சொல்லும் ஆளும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், இவருக்கு நான் முதலாளியே அல்ல என்று வருடக்கணக்கில் சொன்னவர், நான் போட்ட உத்தரவை மீறினார் என்றும் சொல்ல முடியாது.

சம்பளக் கணக்கில்தான் நல்ல சண்டை. 5-ஆம் பிரிவின்படி, தொடர்ந்து 12 மாதம் வேலை பார்த்தவருக்கு அந்த 12 மாதக் கூலியைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதச் சம்பளம். எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் விபத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 2020 மார்ச் 25-இல் தொடங்கிய ஊரடங்கு விழுகிறது. தறி நின்ற வாரங்களுக்கெல்லாம் நோட்டில் பூஜ்யம். அப்படி வகுத்தால் மாதம் 10,000 சொச்சம்தான் வரும். ஆனால் அதே பிரிவின் விளக்கம், 14 நாளுக்கு மேல் வேலையில் இல்லாமல் போனால் தொடர்ச்சி அறுந்துவிடும் என்கிறது. அறுந்தால் அடுத்த விதி: விபத்துக்கு முந்தைய கடைசித் தொடர்ச்சிக் காலத்தில் வாங்கிய மொத்தக் கூலியை அந்த நாட்களால் வகுத்து முப்பதால் பெருக்க வேண்டும். 2020 ஜூன் நடுவில் தறி மறுபடி ஓடியதிலிருந்து விபத்து வரை 240 நாள், நோட்டின்படி 1,04,000 ரூபாய். மாதம் 13,000. ஆணையர் இதை ஏற்றார். இலவச லைன் வீட்டின் வாடகை மதிப்பையும் சம்பளத்தில் சேர்க்கக் கேட்டோம், சட்டத்தின் வரையறை இடம் தருகிறது. ஆனால் வாடகை மதிப்புக்குச் சாட்சியம் போதாது என்று அது விட்டுப்போனது.

சம்பளத்துக்கு ஒரு உச்சவரம்பும் உண்டு. 2020 ஜனவரி 3 வரை அது 8,000 ரூபாய், அதிலிருந்து 15,000. விபத்து அதற்குப் பிந்தையது என்பதால் 13,000 முழுசாகக் கணக்கில் வந்தது.

அப்புறம் சதவீதம். சட்டத்தின் முதல் அட்டவணை, ஒரு கண்ணின் பார்வை போய், விழி கெடாமல், மற்றக் கண் நன்றாக இருந்தால் 30 சதவீதம் என்கிறது. நாங்கள் கூடுதலாகக் கேட்டோம். பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் இடது கை போன ஒரு தச்சருக்கு, இனி அவர் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால், முழு ஊனம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. ஆறு தறிக்கு நடுவில் நிற்பவனுக்கு ஒரு பக்கம் இருட்டென்றால் அவனும் அதே நிலைமைதான்: அந்தப் பக்கத் தறியில் இழை அறுந்தது தெரிவதற்குள் துணியில் பழுது விழுந்துவிடும், கூலி வெட்டு விழும், நாடா பறந்தால் தெரியவே தெரியாது. ஆணையர் அட்டவணையோடு நின்றுவிட்டார். அட்டவணை ஆளின் தொழிலைக் கேட்பதில்லை; அது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்காக இன்னொரு மேல்முறையீடு போனால் கையில் வரப்போகும் பணம் இன்னும் தள்ளிப்போகும். அவர் வேண்டாம் என்றார், நானும் வற்புறுத்தவில்லை.

கணக்கு இப்படி. 13,000-இல் 60 சதவீதம் 7,800. 42 வயதுக்கு நான்காம் அட்டவணையின் காரணி 178.49. இரண்டையும் பெருக்கினால் 13,92,222. அதில் 30 சதவீதம் 4,17,667 ரூபாய். ஊரடங்கையும் சேர்த்துச் சராசரி எடுத்திருந்தால் தொண்ணூறாயிரத்துக்கு மேல் குறைந்திருக்கும்.

வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம். அது உத்தரவு தேதியிலிருந்து அல்ல, விபத்து தேதியிலிருந்து. பிரதாப் நாராயண் வழக்கும், 2012-இல் சிபி ஜார்ஜ் வழக்கும் அதை நிலைநிறுத்திவிட்டன. 2024 ஆகஸ்டு வரை மூன்றரை வருடத்துக்கு 1,75,420 ரூபாய். அதோடு பில் இருந்த மருத்துவச் செலவு. முதலாளி தான் கட்டிய ஆஸ்பத்திரிப் பணத்தை இழப்பீட்டில் கழிக்கச் சொன்னார். சிகிச்சைக்குக் கொடுத்தது இழப்பீடு ஆகாது என்று 4-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. முன்பணத்தின் மீதியையும் கழிக்கச் சொன்னார். 9-ஆம் பிரிவு குறுக்கே நின்றது: இந்தத் தொகையை யாரும் ஜப்தி செய்ய முடியாது, எந்தக் கடனுக்கும் நேர் செய்ய முடியாது. முன்பணத்தில் கட்டுண்டு கிடக்கும் தறித் தொழிலாளிகளுக்கு இந்தப் பிரிவை யாராவது வீடு வீடாகச் சொல்ல வேண்டும்.

முதலாளி மேல்முறையீடு போகவில்லை. போவதென்றால் முழுத் தொகையையும் ஆணையரிடம் கட்டி, அதற்கான சான்றை மனுவோடு இணைக்க வேண்டும். கட்டாமல் இருந்தால் வருவாய்த்துறை மூலம் நிலவரி பாக்கி போல வசூல். காப்பீட்டு பாலிசி எதுவும் அவர் எடுத்திருக்கவில்லை. சில தறிகளை எடைக்குப் போட்டு, மீதியைக் கடன் வாங்கி, இரண்டு தவணையாகக் கட்டினார்.

இப்படி ஒரு விபத்து 2025 நவம்பர் 21 அன்றோ அதற்குப் பிறகோ நடந்திருந்தால் வழக்கு 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வராது, சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020-இன் ஏழாம் அத்தியாயத்தில் வரும். வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடக்கும் விபத்தையும், வேலையோடு தொடர்பு காட்ட முடிந்தால், அது உள்ளே சேர்க்கிறது. உயர் நீதிமன்றத்துக்குப் போக முக்கியமான சட்டக் கேள்வி வேண்டும் என்ற நிபந்தனை அங்கேயும் இருக்கிறது. நோட்டின் மதிப்பும் குறையவில்லை.

கண்ணை இழந்தவர் இப்போது வேறொரு கூடத்தில் தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல் கட்டை) சுற்றுகிறார், பழைய வருமானத்தில் பாதிதான். அபராதம் கேட்பது மட்டும் மீதி இருந்தது. காரணமில்லாமல் தாமதித்த முதலாளிக்கு, விளக்கம் கேட்டுவிட்டு, இழப்பீட்டில் 50 சதவீதம் வரை அபராதம் போட 4ஏ பிரிவு இடம் தருகிறது. அவர் சம்சாரத்தோடு கலந்து பேசிவிட்டு, "வேண்டாமுங்க சார், அவுங்க தறியையும் வித்துப்போட்டாங்க" என்றார். நான் அதை மதித்தேன். ஆனாலும் கேட்டிருக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஒரு மாதத்துக்குள் கொடு என்று சட்டம் சொன்ன பணம் மூன்றரை வருடம் கழித்து வந்திருக்கிறது. அதற்கு நடுவில் அந்த வீட்டுப் பெரிய பெண் பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டு பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள்.